ஒன்றின் காலடியில் ஒரு புள்ளி

12.5, 3.75 இரண்டையும் கூட்டச் சொன்னால் ஒரு பிள்ளை 50.0 என்று எழுதிக்கொண்டு வரும். இன்னொரு பிள்ளை 5.00 என்று எழுதும். நோட்டை வாங்கிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே காட்சிதான். மேல் வரியில் 12.5, கீழ் வரியில் 3.75, வலது ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும். ஐந்துக்கு அடியில் ஐந்து, இரண்டுக்கு அடியில் ஏழு, ஒன்றுக்கு அடியில் மூன்று. கூட்டலில் ஒரு பிசகும் இல்லை. 125உம் 375உம் 500தான். புள்ளியைக் கடைசியில் எங்கே செருகுவது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். விடை 16.25 என்று சொன்னால் இரண்டு பேருமே நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. கட்டம் போட்ட நோட்டில் கூட்டல் பழகிய பிள்ளைகள் அவர்கள். கட்டத்துக்கு ஓர் இலக்கம், ஒன்றுக்குக் கீழே ஒன்று, பத்துக்குக் கீழே பத்து என்று சொல்லித்தான் ஆசிரியர் பழக்கினார். ஆனால் கண் கற்றுக்கொண்டது வேறு: வலது ஓரத்துக்குக் கீழே வலது ஓரம். முழு எண்களில் ஒன்றின் இடம் எப்போதும் வலது ஓரத்தில்தான் இருக்கும் என்பதால் இந்தக் குறுக்கு வழி சில வருடங்கள் ஒருமுறைகூடக் காலை வாரவில்லை. தசம எண் வந்த அன்று வாரிவிடுகிறது. 12.5இல் ஒன்றின் இடம் ஓரத்திலிருந்து இரண்டாவது; 3.75இல் மூன்றாவது. ஓரத்தை நம்பிப் பயனில்லை. ஒன்று எங்கே நிற்கிறது என்று காட்ட வேறோர் அடையாளம் வேண்டும். முழுவதையும் பின்னத்தையும் பிரிக்க வந்தது புள்ளி என்றுதான் வழக்கமாக அறிமுகம் செய்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், பிரிப்பது அதற்குப் பக்கவேலை என்றும் ஒன்றின் இடத்தைக் காட்டிக்கொடுப்பதே பிழைப்பு என்றும் தெரியவரும்.

நமக்குத் தெரிந்தவரை அந்த அடையாளம் முதன்முதலில் காகிதம் ஏறியது டமாஸ்கஸ் நகரில். 952–53ஆம் ஆண்டில் அபுல் ஹசன் அல்-உக்லிதிசி என்பவர் இந்தியக் கணக்குமுறையைப் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதினார். யூக்ளிடின் வடிவியல் நூலைப் படியெடுத்து விற்றவர்களுக்கு உக்லிதிசி என்ற பெயர் வழங்கியதாகச் சொல்வார்கள். ஒன்பது இலக்கமும் சுழியமும் இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. ஆனால் இந்தியாவில் இடமதிப்பு ஒன்றோடு நின்றுவிட்டது. ஒன்றுக்குக் கீழே இறங்கினால் ஓர் எண்ணின் தலையில் இன்னோர் எண்ணை ஏற்றிப் பின்னமாக எழுதுவதே வழக்கம். நடுவில் கோடுகூடக் கிடையாது.

இந்தக் கணக்கு அதுவரை மணல் தூவிய பலகையில் போடப்பட்டு வந்தது. எழுதி, அழித்து, நகர்த்தி எழுதி முடித்தால் பலகையில் விடை மட்டும் மிஞ்சும். தெருவோரத்தில் சோதிடம் சொல்லிப் பிழைப்பவர்கள் கையில் இருக்கும் பலகையைத் தாமும் வைத்துக்கொண்டு உட்காரப் பலர் கூசுகிறார்கள் என்று அல்-உக்லிதிசி குறிப்பிடுகிறார். அந்தக் கூச்சம் கணக்குக்கு நல்லது செய்தது. அழிக்காமல், மையும் காகிதமும் கொண்டு கணக்குப் போடும் முறையை அவர் வகுத்துத் தருகிறார். மணலில் இலக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் எழுதினது எழுதினதுதான். எந்த இலக்கம் எதற்கு அடியில் நிற்கிறது என்ற கவலை காகிதத்தோடுதான் கூடுகிறது.

அந்த நூலில் ஓரிடத்தில் அவர் 19ஐ ஐந்து முறை பாதியாக்கிக் காட்டுகிறார். 9.5, 4.75, 2.375, 1.1875, 0.59375. இன்று நாம் எழுதும் இலக்கங்களே வரிசை தவறாமல் வருகின்றன. அவர் புள்ளி வைக்கவில்லை. ஒன்றின் இடத்தில் இருக்கும் இலக்கத்தின் தலைமேல் ஒரு சிறு கோடு கிழித்தார். இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் இல்லை, ஒன்றின் உச்சந்தலையில். இந்த இலக்கம்தான் ஒன்று. இதற்கு இடப்பக்கம் பத்து, நூறு. வலப்பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. 1157இல் எடுத்த ஒரு படி இஸ்தான்புல்லில் பிழைத்துக் கிடந்தது. கணித வரலாற்றாளர் அஹ்மத் சைதான் 1960களில் அதை வாசித்து வெளிப்படுத்தும்வரை தசம பின்னத்தின் பிறந்த ஊர் சமர்கண்ட் என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சமர்கண்டில் இருந்தவர் சாமானியர் இல்லை. அந்நகரை ஆண்ட உலுக் பேக்கின் வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்த அல்-காஷி வட்டத்தின் சுற்றளவுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை 1424இல் 16 தசம இடங்களுக்குச் சரியாகக் கணக்கிட்டவர். 1427இல் முடித்த ‘மிஃப்தாஹ் அல்-ஹிசாப்’ நூலில் தசம பின்னத்துக்கு முறையான விதிகளை எழுதிவைத்தார். முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் இடையில் ஒரு செங்குத்துக் கோடு போடுவார். சில இடங்களில் பின்னத்தை வேறு நிற மையில் எழுதுவார். கையால் எழுதும் ஒருவருக்கு நிறம் மாற்றுவது எளிய வழி. அச்சு இயந்திரத்துக்கு அது சரிப்பட்டு வந்திருக்காது.

ஐரோப்பாவில் புள்ளியின் வயது சமீபத்தில் ஒரேயடியாக ஒன்றரை நூற்றாண்டு கூடிவிட்டது. 1593இல் ரோமில் இருந்த கிளாவியஸ் என்ற இயேசு சபைத் துறவி வெளியிட்ட வானியல் அட்டவணையில்தான் தசமப் புள்ளி முதலில் தலைகாட்டியது என்று புத்தகங்கள் சொல்லிவந்தன. 1440களில் ஜியோவன்னி பியாங்கினி எழுதிய அட்டவணைகளிலேயே அந்தப் புள்ளி இருப்பதை கனடாவின் கணித வரலாற்றாளர் க்ளென் வான் ப்ரூமலன் 2024இல் வெளியான கட்டுரையில் காட்டினார். பியாங்கினி வெனிஸில் வணிகராக இருந்தவர்; பிறகு ஃபெராராவில் எஸ்தே குடும்பத்தின் நிர்வாகத்தைக் கவனித்தவர். கோள்களைக் கணிக்கும் சோதிடர்கள் 60, 60ஆகப் பிரித்துப் பாகை, கலை, விகலை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு பெருக்கலில் 10.4 என்று எழுதிவிட்டுப் போகிறார். கணக்குப்பிள்ளைக்குப் பத்து பத்தாகப் போவது பிடிக்கும். அதில் எனக்கு வியப்பில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடையாளங்கள் புற்றீசல்போலக் கிளம்பின. பிரான்ஸில் கணித அறிஞர் வியெத் பின்னப் பகுதியைச் சிறிய எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தார், அடிக்கோடு போட்டுப் பார்த்தார், செங்குத்துக் கோடும் போட்டுப் பார்த்தார். கடிகாரம் செய்வதில் பேர்போன யோஸ்ட் பியூர்கி 1592 வாக்கில் ஒரு கையெழுத்துப் பிரதியில் 141.4 என்பதை எழுதும்போது 1414 என்று எழுதி, மூன்றாவது இலக்கத்துக்கு அடியில் குட்டியாக ஒரு சுழியம் வைத்தார். டமாஸ்கஸில் தலைமேல் கோடு. இங்கே காலடியில் சுழியம். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. இருவர் கையும் தானாகப் போய் நின்றது ஒன்றின் இடத்தில்.

ஆனால் கூட்டலுக்காகவே இந்தக் குறியீட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தவர் சீமோன் ஸ்டெவின். ப்ரூஜ் நகரத்தில் 1548இல் பிறந்தவர். இளவயதில் ஆண்ட்வெர்ப்பில் கணக்கெழுதியவர், பிறகு ப்ரூஜில் வரி நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் இளவரசர் மௌரித்ஸுக்குப் பொறியாளர். 1585இல் லைடன் நகரில் கிறிஸ்தோஃபல் பிளாந்தேனின் அச்சகத்திலிருந்து ‘தெ தீந்தே’ என்ற அவருடைய சிறு பிரசுரம் வந்தது. எழுதியது டச்சு மொழியில். பண்டிதர்களின் லத்தீனில் இல்லை. வானத்தைப் பார்ப்பவர்கள், நிலம் அளப்பவர்கள், கம்பளத் திரை அளப்பவர்கள், ஒயின் பீப்பாய் அளப்பவர்கள், நாணயசாலைக்காரர்கள், வணிகர்கள் எல்லாருக்கும் வணக்கம் சொல்லித் தொடங்குகிறது. மனிதர்களுக்கு இடையில் வரும் கணக்குகள் எல்லாவற்றையும் பின்னமே இல்லாமல் முழு எண்களாலேயே முடித்துவிடலாம் என்பது அவருடைய வாக்கு.

ஸ்டெவின் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வட்ட எண் கொடுத்தார். ஒன்றின் இடத்துக்கு ⓪, பத்தில் ஒன்றுக்கு ①, நூறில் ஒன்றுக்கு ②, ஆயிரத்தில் ஒன்றுக்கு ③. 27.847 என்பதை 27⓪8①4②7③ என்று எழுதினார். வாக்கியத்தில் எழுதும்போது பார்க்கச் சகிக்காது. இதைக் கேலி செய்யாத கணித வரலாற்று நூல் குறைவு. ஆனால் கூட்டலுக்கு வந்து பாருங்கள்.

அவர் எடுத்துக்கொண்ட முதல் கணக்கே கூட்டல்தான். 27.847, 37.675, 875.782. மூன்று எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுகிறார். வட்டங்களை ஒவ்வோர் எண்ணிலும் திரும்ப எழுதுவதில்லை. மேலே தலைப்பாக ஒரே ஒருமுறை ⓪, ①, ②, ③ என்று வரிசையாக நிற்கின்றன. இலக்கங்கள் அந்தந்த வட்டத்துக்குக் கீழே இறங்குகின்றன. ⓪க்குக் கீழே 7, 7, 5. ①க்குக் கீழே 8, 6, 7. இனிச் சாதாரணக் கூட்டல்தான். ஏழும் ஐந்தும் இரண்டும் பதினான்கு, நாலை எழுதிக் கையில் ஒன்று. நாலு, ஏழு, எட்டு, கையிருப்பு ஒன்று, ஆக இருபது. சுழியத்தை எழுதிக் கையில் இரண்டு. எட்டும் ஆறும் ஏழும் இரண்டும் இருபத்துமூன்று. அப்படியே போனால் 941304 என்று வரும். தலைக்கு மேலே இருக்கும் வட்டத்தைப் பார்த்தால் ⓪க்குக் கீழே 1 நிற்கிறது. ஆகவே 941, பிறகு 3, 0, 4. நம் வகுப்பறைகளில் கரும்பலகையில் நூறு, பத்து, ஒன்று, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று தலைப்புப் போட்டுக் கட்டம் கட்டுகிறார்களே, அது இதுதான்.

அதோடு விடவில்லை அவர். இடையில் ஓர் இடம் காலியாக இருந்தால் என்ன செய்வது? 8⓪5①6② என்ற எண்ணோடு 5⓪7② என்ற எண்ணைக் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். இரண்டாவதில் ① இல்லை. அந்த இடத்தில் ஒரு சுழியத்தைப் போட்டு 5⓪0①7② என்று ஆக்கிக்கொள் என்கிறார். 8.56உம் 5.07உம் 13.63. ஏழு ரூபாய் ஐந்து பைசாவை 7.5 என்று எழுதிவிட்டு நாற்பத்தைந்து பைசா கணக்கில் உதைக்கிறதே என்று முழித்த கடைக்காரர்களுக்கு இந்த ஒரு வரி போதும். ஆள் இல்லாத இடத்திலும் சுழியத்தை உட்கார வைக்காவிட்டால் பக்கத்து இலக்கம் வந்து அந்த நாற்காலியில் ஏறிக்கொள்ளும்.

வட்டங்கள் நிலைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1617இல் வெளியிட்ட ‘ராப்தொலோஜியா’ நூலில் ஸ்டெவினைப் பேர்சொல்லிப் பாராட்டிவிட்டு, ஒரு புள்ளியோ காற்புள்ளியோ போட்டால் போதும் என்கிறார். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். 1619இல் வெளிவந்த அவருடைய மடக்கை நூலில், புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் பின்னம் என்று விளக்கம் இருக்கிறது. ஸ்டெவின் நான்கு வட்டம் போட்டுச் சொன்னதை நேப்பியர் ஒரு பொட்டில் முடித்தார். ஒன்றின் இடம் தெரிந்துவிட்டால் மற்ற இடங்கள் எல்லாம் தாமே தெரியும். ① ② ③ மிகை. மடக்கை அட்டவணை தேவைப்பட்ட மாலுமியும் வானியலாளரும் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். புள்ளி அட்டவணைகளின் முதுகில் ஏறி ஊர் சுற்றியது.

இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவின் மற்ற பகுதிகளுக்கும் இதிலும் ஒத்துப்போகவில்லை. பெருக்கலுக்கு × போட்டால் x என்ற எழுத்தோடு குழம்புகிறது, புள்ளியே வைத்துக்கொள்ளலாம் என்று 1698இல் லைப்னிட்ஸ் யோஹான் பெர்னூலிக்கு எழுதினார். பெருக்கலுக்குப் புள்ளி போய்விட்ட இடங்களில் தசமத்துக்குக் காற்புள்ளியே வசதியாயிற்று. ஜெர்மனியில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பம் கடைச் சீட்டில் 1.234,50 என்று பார்த்து முதலில் திகைப்பது இதனால்தான். ஆயிரத்துக்குப் புள்ளி, சதத்துக்குக் காற்புள்ளி. எடை அளவைகளுக்கான உலகப் பொதுமாநாடு 2003இல் கூடி, புள்ளியும் சரி காற்புள்ளியும் சரி என்று தீர்மானம் போட்டுக் கைகழுவியது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். வரிசையாக அடுக்கும்போது அடையாளம் எதுவானால் என்ன, எல்லா வரியிலும் ஒன்றாக இருந்தால் சரி.

தமிழ் நாட்டுக்குப் புள்ளி வந்த கதை வேறு மாதிரி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைக்கு ஒன்றுக்குக் கீழே ஒரு பெரிய உலகமே தெரிந்திருந்தது. ஒன்றும் அதற்கு மேலும் மேல்வாயிலக்கம். ஒன்றுக்குக் குறைந்தவை கீழ்வாயிலக்கம். முந்திரி 320இல் ஒன்று. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, இரண்டு காணி அரைமா, இரண்டு அரைமா ஒரு மா, ஐந்து மா கால். முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி என்று ஒன்று உண்டு. அது 1,02,400இல் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி. பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று மேலே இருப்பவற்றுக்கும் தனிக்குறிதான். 125ஐ ௱௨௰௫ என்று எழுதினார்கள்.

இதில் ஒரு வசதி இருந்தது. காணிக்கு உரிய குறியைப் பார்த்த மாத்திரத்தில் அது காணி என்று தெரியும். அதை ஓலையின் எந்த மூலையில் எழுதினாலும் காணி காணிதான். ஆகவே நேராக அடுக்கவேண்டிய அவசியமே எழவில்லை. கூட்டல் நெட்டுருப்போட்ட வாய்பாட்டின் தலையில் விழுந்தது. இடமதிப்பு வந்தபோது பத்தே குறியில் எல்லா எண்ணையும் எழுதிவிட முடிந்தது. விலையாக, இலக்கம் நிற்கும் இடம் பிசகக்கூடாது என்ற நிபந்தனை சேர்ந்துகொண்டது. 5 என்ற இலக்கத்துக்குத் தன்னளவில் மதிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை; எங்கே நிற்கிறது என்பதை வைத்து அது ஐந்நூறாகவும் இருக்கலாம், நூறில் ஐந்தாகவும் இருக்கலாம். முந்திரியும் காணியும் போட்ட கணக்குப்பிள்ளைக்கு இந்தப் பயம் கிடையாது.

வெள்ளைக்காரர் காலத்து ரூபாயும் பத்தில் நடக்கவில்லை. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். பேரேட்டில் ரூ., அ., பை. என்று மூன்று பத்தி. ரூ. 3-11-9உடன் ரூ. 2-7-8ஐக் கூட்ட வேண்டுமானால், முதலில் பை பத்தி: பதினேழு, பன்னிரண்டு போக ஐந்து, கையில் ஓர் அணா. அடுத்து அணா: பதினொன்றும் ஏழும் ஒன்றும் பத்தொன்பது, பதினாறு போக மூன்று, கையில் ஒரு ரூபாய். ஆக ரூ. 6-3-5. ஒரே கணக்கில் கை பன்னிரண்டுக்கு ஒருதரம், பதினாறுக்கு ஒருதரம், பத்துக்கு ஒருதரம் மாற வேண்டும். இதை நூறு வரிக்கு மனத்தால் போட்டுக்கொண்டு போன பழைய கணக்கர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் அவர்களுக்குப் பத்தி நகராது. அச்சடித்த கோடு பிடித்து வைத்திருந்தது.

இலங்கை இந்த வாதையிலிருந்து முன்னதாகவே தப்பியது. 1872இலேயே அங்கே ரூபாய் 100 சதமாகப் பிரிந்துவிட்டது. இந்தியாவில் 1955இல் நாணயச் சட்டத்தைத் திருத்தி, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசா என்று ஆக்கினார்கள். அதற்கு முன்பே ரஷ்யா 1704இலும் அமெரிக்கா 1792இலும் பிரான்ஸ் 1795இலும் பத்துக்கு மாறியிருந்தன. நம்மை ஆண்ட பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 வரை ஷில்லிங்கை விடவில்லை. ஓர் அணா சரியாகப் பார்த்தால் 6.25 நயா பைசா. கால் பைசா நாணயம் கிடையாது. அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். தனித்தனியாக 16 அணாவை மாற்றினால் 96 நயா பைசாதான் தேறும். நாலு நாலணாவாக மாற்றினால் முழு ரூபாய். 1964 ஜூனில் பெயரிலிருந்து ‘நயா’ உதிர்ந்தது. நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் 25 பைசா நாணயம் 2011இல் செல்லாமல் போன பிறகும் ஊரில் உயிரோடு இருந்தது.

பேரேட்டில் மூன்று பத்தி இரண்டாகக் குறைந்தது. ரூபாய் ஒரு பக்கம், பைசா ஒரு பக்கம், நடுவில் சிவப்புக் கோடு. கணக்கர் புள்ளி வைக்கவே தேவையில்லை. அல்-காஷி சமர்கண்டில் போட்ட செங்குத்துக் கோடு சிவகாசி அச்சடித்த நோட்டில் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. பைசாவில் ஒற்றை இலக்கம் வந்தால் முன்னால் சுழியம் போட்டு 05 என்று எழுதவேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

பேச்சில் இன்றும் புள்ளிக்கு இடமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காய்கறிக் கடையில் யாரும் இரண்டு புள்ளி ஏழு ஐந்து கிலோ கேட்பதில்லை. ரெண்டே முக்கால் கிலோ என்பார்கள். நகைக்கடையில் 12.300 என்று தராசு காட்டினால், விற்பனையாளர் பன்னிரண்டு கிராம் முந்நூறு மில்லி என்று வாசிப்பார். இரண்டு பெயர், இரண்டு முழு எண். காதுக்கு அது போதுமானது. தாளில் வரும்போதுதான் புள்ளிக்கு வேலை வருகிறது, அதிலும் நகைக்கடைத் தாளில் சிக்கல் குறைவு. எல்லா எடையும் மூன்று தசம இடத்தோடுதான் அச்சாகும். 7.950, 12.300, 0.840 என்று மூன்று உருப்படி இருந்தால் வலது ஓரமும் நேர், புள்ளியும் நேர், மொத்தம் 21.090. கடைசிச் சுழியங்கள் எடையைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பிள்ளைகளுக்கும் இந்தத் தந்திரம்தான் கைகொடுக்கும்: 12.5ஐ 12.50 ஆக்கு, 3.75ஐ அதன் கீழே 03.75 என்று எழுது. பழைய கட்டம் போட்ட நோட்டுப் பழக்கமே போதும். அறிவியல் ஆசிரியர் மட்டும் முகம் சுளிப்பார். அளந்தது 12.5 என்றால் 12.50 என்று எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது, நூறில் ஒரு பங்கை அளந்தாயா என்று கேட்பார். அவர் கேள்வி சரிதான். கணக்குப் போட்டு முடித்தபின் அந்தச் சுழியத்தை எடுத்துவிடலாம் என்று சமாதானம் சொல்ல வேண்டியதுதான்.

மருந்துச் சீட்டில் விதி தலைகீழ். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் கூட்டு ஆணையம் 2004இல் வெளியிட்ட ‘இப்படி எழுதாதே’ பட்டியலில் இரண்டு புள்ளி விவகாரம். .5 என்று எழுதாதே, 0.5 என்று எழுது, 1.0 என்று எழுதாதே, வெறும் 1 என்று எழுது. பேனா மை சரியாகப் படியாமல் புள்ளி காணாமல் போனால் முதலாவது ஐந்தாகும், இரண்டாவது பத்தாகும். கூட்டலுக்கு நண்பனான பின்சுழியம் அங்கே ஆளைக் கொல்லும். ஒரே ஒரு எண் தனியாக நிற்கும்போது அடுக்கிப் பார்க்கத் துணை எண் எதுவும் இல்லை என்பதே காரணம்.

புள்ளி வேடத்தில் வேறு சிலரும் உலவுகிறார்கள். கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நாலு ஓவர் மூன்று பந்து. அதோடு 3.4 ஓவரைக் கூட்டினால் 7.7 வராது; 8.1 வரும், ஓவருக்கு ஆறு பந்துதானே. உயரத்தை 5.9, 5.10 என்று எழுதினால், தசம எண்ணாக வாசிப்பவருக்கு முதல் ஆள் நெட்டை. அடி அங்குலமாக வாசிப்பவருக்கு இரண்டாம் ஆள். கடிகார நேரம் 10.30இலும் இதே கூத்து. வீட்டில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் வருவது தனியான ஒரு முழு எண் என்று நினைத்துக்கொண்டு 4.25 பெரிது, 4.5 சிறிது என்று சொன்னால் அதற்கு முழுப் பொறுப்பும் பிள்ளையுடையதல்ல.

கணிப்பொறிக்குள் போன பிறகும் அடுக்கும் வேலை ஓயவில்லை. விரிதாளில் எண்கள் வலது ஓரம் ஒட்டியே நிற்கும், 12.5க்குக் கீழே 3.75 கோணலாகத்தான் தெரியும். ஆனாலும் கூட்டுத்தொகை சரியாக வரும், ஏனென்றால் இயந்திரம் நாம் பார்ப்பதைப் பார்த்துக் கூட்டுவதில்லை. உள்ளே எண்கள் மிதவைப் புள்ளி முறையில் இருக்கின்றன: முக்கியமான இலக்கங்கள் ஒரு பக்கம், புள்ளி எத்தனை இடம் தள்ளி இருக்கிறது என்ற குறிப்பு இன்னொரு பக்கம். 1985இல் வகுத்த ஐஇஇஇ 754 தரம் இதற்கு அடிப்படை. இரண்டு எண்ணைக் கூட்டச் சொன்னதும் செயலி முதலில் செய்வது, சிறிய எண்ணின் இலக்கங்களை வலப்பக்கம் தள்ளித் தள்ளி, இரண்டின் புள்ளியையும் நேருக்கு நேர் கொண்டுவருவது. அதன் பிறகுதான் கூட்டல்.

தள்ளும்போது சிறிய எண் பெட்டியை விட்டு வெளியே விழுந்துவிடுவதும் உண்டு. 1க்குப் பின்னால் 16 சுழியம் போட்ட எண்ணோடு 1ஐக் கூட்டினால், சாதாரண இரட்டைத் துல்லிய முறையில் பழைய எண்ணே விடையாக வரும். சேர்த்த ஒன்று போன இடம் தெரியாது. தவிர, உள்ளே இருப்பது இரண்டின் அடுக்குகள் என்பதால் பத்தில் ஒன்றைச் சரியாக எழுதவே அதற்கு வராது, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.30000000000000004 என்று காட்டி நிரல் எழுதப் பழகுபவர்களை மிரட்டும்.

காசு விஷயத்தில் இந்த விளையாட்டு ஆகாது. அதனால் பணம் செலுத்தும் மென்பொருள்கள் பலவற்றில் தொகை பைசாக் கணக்கில் முழு எண்ணாகவே கிடக்கிறது. ரூ. 250.50 உள்ளே 25050. ஸ்டெவின் அச்சிட்டுச் சொன்னபடி பின்னமே இல்லாத கணக்கு. புள்ளியைத் திரையில் காட்டும்போது மட்டும் செருகிக்கொள்கிறார்கள். எங்கே செருகுவது என்பதற்கு நாணயங்களின் பன்னாட்டுப் பட்டியலான ஐஎஸ்ஓ 4217இல் ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே ஓர் இலக்கம் உண்டு. இந்திய ரூபாய்க்கு 2. 1000 ஃபில்ஸ் கொண்ட குவைத் தினாருக்கு 3. சில்லறையே இல்லாத ஜப்பானிய யென்னுக்கு 0. அந்த இலக்கத்தைப் பார்க்காமல் ரூபாய்ப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு சுழியம் சேர்த்து அனுப்பும் நிரல், 5000 யென் வாங்க வேண்டிய வாடிக்கையாளரிடம் ஐந்து லட்சம் யென் கேட்கும்.